பதினோரு மாதம் ஜெபக்குறிப்பேட்டில் இருந்த ஒரு பெயர்: நல்ல எண்ணம் செயலான விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு சபையின் வாராந்தர ஜெபக்குழுவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலத்தில் நடந்ததை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் இதில் இல்லை. நிகழ்வின் மையத்தில் உள்ள சகோதரி இதை முழுவதும் வாசிக்கக் கேட்டார். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தபின் மற்றவர்கள் வாசிக்கச் சம்மதம் தந்தார். நான் அச்சபையின் மூப்பர்களில் ஒருவன். அந்தக் குழுவின் உறுப்பினன் அல்லன். குழுத்தலைவர் கேட்டுக்கொண்டதன்பேரில் உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசியும், குழுவின் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தும் இதை எழுதியிருக்கிறேன்.

பின்னணி

குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவார்கள். பாட்டு, வேதவாசிப்பு, சிறு தியானம், அதன்பின் விண்ணப்பங்கள் என்ற ஒழுங்கு பல ஆண்டுகளாக மாறாமல் நடந்துவந்தது. விண்ணப்பங்களைச் செயலாளர் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வார். அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் சத்தமாக ஜெபிப்பார். பக்கத்தின் வலது ஓரத்தில் 'பதில்' என்று தலைப்பிட்ட ஒரு குறுகிய பத்தி உண்டு. சபையில் ஜெப ஊக்கத்துக்குப் பேர்பெற்ற குழு இது. யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால் போதகரே முதலில் இவர்களுக்குத்தான் சொல்லியனுப்புவார்.

அறுபதை நெருங்கிய ஒரு சகோதரி இக்குழுவுக்கு வாரந்தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தால் உடலின் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்தார், பேச்சும் குழறிப்போயிற்று. அவர்களின் ஒரே மகள் தொலைவில் குடும்பத்தோடு வாழ்கிறார். கணவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு வாரங்களில் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் நேரில் போய்ப் பார்த்தார்கள். போதகரும் போய் ஜெபித்தார். அதன்பின் சகோதரியால் கூட்டத்துக்கும் வர முடியவில்லை, ஞாயிறு ஆராதனைக்கும் வர முடியவில்லை. ஆனால் குழு அவரை மறந்துவிட்டதென்று சொல்லவே முடியாது. வாரந்தோறும் அவருக்காக ஜெபித்தார்கள். கண்ணீரோடு ஜெபித்தவர்களும் உண்டு.

குறிப்பேடு காட்டியது

செயலாளர் பொறுப்பை ஏற்ற ஓர் இளைஞர், பழைய நோட்டு தீர்ந்துபோனதால், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களைப் புது நோட்டுக்கு எடுத்தெழுத உட்கார்ந்தார். ஒவ்வொன்றின் இன்றைய நிலையையும் எழுதவேண்டும் என்று அவர் நினைத்தார். அடுத்த கூட்டத்தில், "இந்த அம்மாவைக் கடைசியா யார் போய்ப் பார்த்தீங்க? இப்ப எப்படி இருக்காங்கன்னு எழுதணும்" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. ஒரு வரியை நிரப்பவேண்டியிருந்தது, அவ்வளவுதான். யாரும் பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற செவிலியரான ஒரு சகோதரி, அந்த வீட்டுக்கு அருகில் குடியிருப்பவர் போய்வருகிறார் என்று எண்ணியிருந்தார். அருகில் குடியிருந்தவரோ, செவிலியர்தான் போய்க் கவனித்துக்கொள்கிறார் என்று நம்பியிருந்தார். போதகர் மாதந்தோறும் சந்திக்கிறார் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். விசாரித்தபோது, முதல் இரண்டு வாரங்களுக்குப்பின் பதினோரு மாதங்களில் தொலைபேசியில் ஒருவர் இரண்டு முறை நலம் கேட்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று தெரியவந்தது.

அந்த நோட்டை நானும் வாங்கிப் பார்த்தேன். முதல் மாதத்தில் அச்சகோதரியின் விண்ணப்பம் மூன்று வரி நீளத்துக்கு இருந்தது: வலது கால் அசைய, பேச்சு திரும்ப, மருந்துச் செலவு சந்திக்கப்பட, மகளுக்கு விடுப்புக் கிடைக்க. நான்காம் மாதத்தில் அது 'சகோதரியும் கணவரும், சுகம்' என்று ஆகியிருந்தது. எட்டாம் மாதத்துக்குப்பின் பெயரின் முதலெழுத்தும் ஒரு கோடும் மட்டுமே இருந்தன. எழுதியவர் சோம்பேறி அல்லர். மற்ற விண்ணப்பங்களை அதே பக்கத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். நேரில் அறிந்த செய்தி வற்ற வற்ற வரியும் வற்றியிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஆறாம் மாதத்தில் தொடர்ந்து சில வாரங்கள் குழுவின் தியானப் பகுதி யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். உடையும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் அதே பகுதிதான். அதன் தலைப்பும் சகோதரியின் முதலெழுத்தும் ஒரே பக்கத்தில், இரண்டு விரற்கடை இடைவெளியில் இருந்தன.

ஏன் யாரும் போகவில்லை

இதற்கு அன்பு குறைவு என்று ஒற்றை வார்த்தையில் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் தனித்தனியே பேசியபோது கிடைத்த விவரங்கள் அதற்கு இடந்தரவில்லை. நல்ல எண்ணம் எல்லோரிடத்திலும் இருந்தது; அதுவும் மங்கலான எண்ணம் அல்ல. படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று செவிலியர் நினைத்திருந்தார். வாகனம் வைத்திருந்தவர், அடுத்த பரிசோதனைக்குத் தாமே அழைத்துப்போகவேண்டும் என்று மனைவியிடம் சொல்லியும் இருந்தார். இன்னொருவர் ஒரு தொகையை உறையில் போட்டு, பல மாதங்களாக வேதாகமத்தின் நடுவிலேயே வைத்திருந்தார். அந்த உறையை என்னிடம் எடுத்துக் காட்டினார், முனைகள் தேய்ந்திருந்தன.

போகாததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது வெட்கம். முதல் மாதம் வேலை நெருக்கடியில் கழிந்தது. இரண்டாம் மாதம், இவ்வளவு நாள் கழித்து வெறுங்கையோடு எப்படிப் போவது என்ற தயக்கம் வந்தது. மூன்றாம் மாதம், பெரிதாக ஏதாவது செய்தால்தான் முகங்கொடுக்க முடியும் என்றாகி, ஐந்தாம் மாதத்துக்குமேல் அந்தத் தெருவின் வழியே போவதையே ஒருவர் தவிர்க்கத் தொடங்கினார். தாமதம் வெட்கத்தைக் கொடுத்தது, வெட்கம் தாமதத்தை வளர்த்தது. தொடக்கத்தில் அரைமணி நேரச் சந்திப்பாக முடிந்திருக்கக்கூடிய காரியம், தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும் கடனைப்போல, ஒருவராலும் செலுத்த முடியாத அளவுக்கு மனத்தில் பெருத்துவிட்டது.

மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பும் இருந்தது. இது இக்குழுவுக்கு மட்டும் உரிய குறை அல்ல. டார்லி, லட்டானே என்னும் இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், உள்பேசியில் (இன்டர்காமில்) ஒருவருக்கு வலிப்பு வருவதைக் கேட்டவர்கள், தாம் ஒருவரே கேட்கிறோம் என்று நினைத்தபோது அந்தப் பேச்சு முடிவதற்குள் 85 விழுக்காட்டினர் உதவி தேடினார்கள். தம்மைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது 31 விழுக்காட்டினரே தேடினார்கள். பதினான்கு பேர் ஒன்றாகக் கேட்கும் விண்ணப்பம் ஒருவர் தோளிலும் இறங்காமல் போனதில் வியப்பில்லை. அவசரமும் ஒரு காரணம். அதே டார்லி, பாட்சன் என்பவரோடு சேர்ந்து 1973-இல் வெளியிட்ட ஆய்வு, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேரைப் பற்றியது. வழியில் துவண்டு கிடந்த ஒருவருக்கு, அவசரமில்லாமல் போனவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். அம்மாணவர்களில் ஒரு பகுதியினர் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமையைப் பற்றிப் பேசத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நம் குழுவின் கூட்டமும் இரவு நேரமாகிவிட்டதே என்ற பரபரப்போடுதான் எப்போதும் கலைந்தது.

மிகவும் கூச்சத்தோடு சொல்லப்பட்ட காரணம் ஒன்று உண்டு. "அவங்களுக்காக அழுது ஜெபிச்சதும் மனசு லேசாயிடும், ஏதோ செய்து முடிச்ச மாதிரி இருக்கும்" என்றார் ஒரு சகோதரி. ஜெபத்தை இறக்கிப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை, அவருக்கும் இல்லை. ஆயினும் பாரம் இறங்கிய உணர்வும் காரியம் முடிந்த உணர்வும் மனத்துக்குள் ஒன்றைப்போலவே இருக்கின்றன. இதை மாய்மாலம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்தில் வேலைசெய்யப் போகும்படி தகப்பன் சொன்னபோது, இரண்டாம் மகன் 'போகிறேன் ஐயா' என்று சொல்லியும் போகவில்லை. சொன்ன வேளையில் அவன் பொய் சொன்னான் என்று உவமையில் எங்கும் இல்லை. சொன்னபோது போகத்தான் நினைத்திருப்பான்.

பரிசீலித்த வழிகளும் எடுத்த முடிவும்

குழுத்தலைவர், செயலாளர், செவிலியர், இன்னொரு மூத்த சகோதரர் ஆகியோர் போதகரோடு கூடிப் பேசினார்கள். ஒரு சிறப்புக் கூட்டம் வைத்து இந்தப் பொருளைப்பற்றிப் பிரசங்கிக்கச் செய்யலாம் என்ற யோசனை முதலில் வந்தது. யாக்கோபு நிருபத்தை அண்மையில்தான் தியானித்தோம் என்று செயலாளர் நோட்டைக் காட்டியதும் அது கைவிடப்பட்டது. கேட்பதற்குக் குறைவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

நிதியோடு ஓர் இரக்கப்பணிக் குழுவை ஏற்படுத்தலாம் என்பது அடுத்த யோசனை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளைக் கவனிக்க ஏழு பேரை நியமித்ததை மூத்த சகோதரர் எடுத்துக்காட்டினார். அதற்குப் போதகர் சொன்ன பதில் எனக்குச் சரியாகப் பட்டது. அங்கே ஒரு குறிப்பிட்ட முறையீடு எழுந்தது, குறிப்பிட்ட ஒரு வேலைக்குக் குறிப்பிட்ட ஏழு பேர் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளப்பட்டார்கள்; நாமோ பொதுவான நன்மைக்குப் பொதுவான ஒரு குழுவை வைக்கப்பார்க்கிறோம், இப்போதே 'யாரோ செய்வார்கள்' என்றிருப்பது அப்போது 'குழு செய்யும்' என்று மாறுமேயன்றி வேறொன்றும் நடக்காது என்றார் அவர்.

கடைசியில் முடிவானது எளியது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஜெபித்து முடித்தபின், 'இதில் நாம் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?' என்று தலைவர் கேட்கவேண்டும். இல்லையென்றால் இல்லை; ஜெபம் ஒன்றே நம்மால் ஆவது என்னும் விண்ணப்பங்கள் உண்டு, அவற்றில் செயலை வலிந்து புகுத்தக்கூடாது. உண்டென்றால், ஒருவர் பெயர், ஒரு நாள், முதல் அடி என்ன என்பது ஆகிய மூன்றும் அங்கேயே நோட்டில் ஏறவேண்டும். அடுத்த வாரக் கூட்டம் பாட்டுக்கு முன்பே அந்த வரியிலிருந்து தொடங்கவேண்டும். இதற்கு நேரம் வேண்டுமென்பதால் தியானத்தைப் பத்து நிமிடம் சுருக்கினார்கள்.

மூன்றையும் எழுதவேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. 'உதவி செய்வேன்' என்ற தீர்மானத்தைவிட 'இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்' என்ற தீர்மானம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதிப்பட்டது. ஆனால் குழுவை இணங்கவைத்தது அந்த ஆய்வுகள் அல்ல, பழைய ஏற்பாட்டில் வரும் நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது என்று கேட்டபோது அவன் அழுது, உபவாசித்து, கிஸ்லே மாதத்திலிருந்து நிசான் வரைக்கும் ஜெபித்தான். அவன் பானபாத்திரக்காரனாய்ச் சேவித்த பெர்சிய ராஜா கேட்டபோதோ திரும்பிவரும் காலத்தைக் குறிப்பிட்டான், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், மரம் தரும்படி வனக்காவலனுக்கும் கடிதம் கேட்டான். அந்த நான்கு மாத ஜெபத்தில் விவரங்கள் உருவாகியிருந்தன. நெகேமியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த பகுதியைக் கட்டினார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது; மதில் 52 நாளில் முடிந்தது.

வாரந்தோறும் கேட்பது என்ற பகுதிக்குத்தான் எதிர்ப்பு எழுந்தது. "ஜெபக்கூட்டத்தைக் கணக்குப் பார்க்கிற இடமாக்கிடாதீங்க" என்றார் குழுவின் மிக மூத்த அம்மா. அவருடைய அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்தில் நடந்த ஒன்றைப் போதகர் நினைவுபடுத்தினார். 1742-இல் பிரிஸ்டலில் ஆராதனைக் கூடத்தின் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று முடிவானது. ஏழைகளால் எப்படி முடியும் என்ற கேள்வி எழவே, பதினொரு ஏழைகளை என் பொறுப்பில் விடுங்கள், நான் போய் வாங்குகிறேன், அவர்களால் முடியாவிட்டால் நானே கொடுக்கிறேன் என்றார் ஒருவர். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். காசு வாங்க வீடுவீடாகப் போனவர்கள் அந்த வீடுகளில் மனிதர் வாழும் நிலையைக் கண்டார்கள். மெதடிஸ்டுகள் சிறு குழுக்களாக வாரந்தோறும் கூடிய வகுப்புக் கூட்டங்கள் அங்கிருந்து பிறந்தன. மூன்று மாதம் நடத்திப் பார்ப்பது என்ற நிபந்தனையின்பேரில் மூத்த அம்மா இசைந்தார்.

முதல் சந்திப்பு

சகோதரியின் பெயருக்கு எதிரே செவிலியரின் பெயரும், அந்த வார வியாழக்கிழமையும், 'போய் உட்கார்ந்து கேட்பது, எதுவும் வாக்குக்கொடுக்காமல் வருவது' என்ற குறிப்பும் எழுதப்பட்டன. அருகில் குடியிருந்தவர் உடன்போனார்.

கதவைத் திறந்த சகோதரி அவர்களை வாசலிலேயே கட்டிக்கொண்டார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. போகத் தயங்கியவர்கள் பதினோரு மாதமாகப் பயந்த அந்தக் கேள்வி கடைசிவரை வரவே இல்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மருந்து வேளைகள் பென்சிலால் எழுதி, அழித்து, மேலேயே மறுபடி எழுதப்பட்டிருந்தன. கைபேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்திருந்தார். மருத்துவமனையில் சொல்லியனுப்பியபடி கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க. அப்படியும் இடுப்பின் பின்புறம் தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்திருந்தது. அவர் தனி ஆளாக, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தே புரட்டிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு முறையும் தோல் விரிப்பில் உராய்ந்தது. உடம்புக்குக் கீழே ஒரு துணியை மடித்துப் போட்டு அந்தத் துணியைப் பிடித்துத் தூக்கிப் புரட்டும் விதத்தைச் செவிலியர் அங்கேயே செய்துகாட்டினார். உரிந்த இடத்தை மருத்துவரிடம் காட்டவும் ஏற்பாடாயிற்று.

"என்ன வேணும், சொல்லுங்கம்மா" என்று உடன்போனவர் கேட்டபோது, "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்ததே போதும்" என்ற பதில்தான் வந்தது. மரியாதையுள்ள எவரும் சொல்லும் பதில் அது. பெரும்பாலான சந்திப்புகள் அதோடு முடிந்து, போனவர்கள் மனநிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். செவிலியர் வேறுவிதமாகக் கேட்டார்: "ராத்திரி சேர்ந்தாப்பல எவ்வளவு நேரம் தூங்குறீங்க?" சகோதரி சற்றுப் பேசாமலிருந்து, பிறகு அழுதார். இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இன்னொன்றையும் சொன்னார்: ஆராதனைக்குப் போய்த் திருவிருந்தில் பங்கெடுக்கவேண்டும் என்பதுதான் அவருக்கு மற்ற எதையும்விடப் பெரிய ஏக்கமாக இருந்தது.

உறையில் இருந்த பணமோ வாகனமோ முதல் தேவையாக இருக்கவில்லை. அந்த வீட்டில் சில மணி நேரம் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. பதினோரு மாத ஜெபத்தில் ஒருமுறைகூடக் கேட்கப்படாத விண்ணப்பம் இது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

ஞாயிறு முறைப்பட்டியல்

நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை முறைவைத்துக்கொண்டார்கள். ஆராதனை நேரம் முழுவதும் ஒருவர் கணவரோடு இருப்பார், சகோதரி ஆலயத்துக்குப் போவார். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அவர் தூங்குவதற்கென்று வேறு இருவர் பொறுப்பெடுத்தார்கள். அந்த நால்வரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையை விடவேண்டிவருமே என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஓய்வுநாளில் தன் எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டாதவன் யார் என்று லூக்கா 13-இல் ஆண்டவர் கேட்டதைச் சொல்லிப் போதகர் அந்தப் பேச்சை முடித்தார். நால்வரையும் சபைக்கு முன் நிறுத்திப் பாராட்டலாம் என்று ஒருவர் சொன்னதையும் அவர் மறுத்துவிட்டார். இது பட்டியலாகவே இருக்கட்டும், சாட்சியாக மேடையேற வேண்டாம் என்றார்.

கணவர் முதலில் இதை விரும்பவில்லை. வந்தவர்களைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறுதல் சொன்னவர்களிடம் அவர் இளகவே இல்லை. செய்தித்தாளை எடுத்து விளையாட்டுப் பக்கத்தைச் சத்தமாக வாசித்த ஒருவரிடம்தான் முதலில் தலையசைத்தார்.

நடுவில் வந்த சிக்கல்கள்

இரண்டாம் மாதம் முடிவதற்குள் மூத்த அம்மாவின் அச்சம் ஓரளவு மெய்யாயிற்று. வேறொரு விண்ணப்பத்தில், வேலையிழந்த ஒருவருக்காகத் தமக்குத் தெரிந்தவரிடம் பேசுவதாக ஒரு சகோதரி பெயர் கொடுத்திருந்தார். பேசக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டார். அடுத்தடுத்த இரண்டு வாரமும் பதினான்கு பேர் முன்னிலையில் 'இன்னும் இல்லை' என்று சொல்ல நேர்ந்தது. மூன்றாம் வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. வெட்கம் மனிதரை விலக்கிவைக்கும் என்பதை முன்பே கண்டறிந்த குழு, அந்த வெட்கத்தைத் தன் ஒழுங்கிலேயே உற்பத்தி செய்துகொண்டிருந்தது. தலைவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். அதன்பின் 'முடித்தீர்களா?' என்ற கேள்வி 'எதில் தடை வந்தது, யார் உடன்வரவேண்டும்?' என்று மாற்றப்பட்டது. இரண்டு வாரம் நகராத அடியை இன்னும் சிறிதாக வெட்டுவது, அல்லது வெளிப்படையாகக் கைவிட்டு நோட்டில் அடித்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டார்கள். அடித்துவிட அனுமதி கிடைத்தது பலருக்கு நிம்மதியாக இருந்ததென்று என்னிடம் சொன்னார்கள்.

அடுத்த சிக்கல் இதைவிடக் கடுமையானது. பிற்பகல் வந்து இருந்த ஒருவர், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டாமல் இருந்த மருத்துவ ரசீதுகளைக் கண்டார். நல்ல மனதோடு அடுத்த கூட்டத்தில், 'அந்தக் குடும்பத்தின் கடன்பாரம் நீங்க' என்று விண்ணப்பம் கொடுத்தார். செய்தி குழுவைத் தாண்டி உறவினர்வரை போயிற்று. சகோதரி மிகவும் புண்பட்டு, இனி யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் எல்லாம் நின்றது. சம்பந்தப்பட்டவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். ஜெபவிண்ணப்பமாகத்தானே சொன்னேன் என்ற நியாயத்தை அவர் அங்கே எடுக்காதது நல்லதாயிற்று. அன்றிலிருந்து, ஒரு வீட்டுக்குள் கண்டதும் கேட்டதும் அந்த வீட்டார் சம்மதமில்லாமல் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே வரக்கூடாது என்பது விதியாயிற்று. மருந்துச் செலவுக்குச் சபையின் உதவி நிதியிலிருந்து கொடுத்தது, பின்னர் சகோதரியே போதகரிடம் கேட்டபிறகுதான்.

ஓராண்டு முடிவில்

படுக்கைப்புண் ஆறிவிட்டது. சகோதரி பெரும்பாலான ஞாயிறுகளில் ஆராதனைக்கு வருகிறார். கணவரின் பேச்சு சற்றுத் தெளிந்திருக்கிறது. வலது கால் அசையவில்லை, நோட்டில் அந்த விண்ணப்பத்தின் 'பதில்' பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது. வாரந்தோறும் அதற்கு ஜெபிக்கிறார்கள், இப்போது விவரம் தெரிந்து.

மற்ற விண்ணப்பங்களில் விளைவு கலவையானது. பெயரும் நாளும் எழுதப்பட்டவற்றில் பாதிக்குமேல் முதல் அடியாவது எடுக்கப்பட்டது. வேலையிழந்தவருக்கு, பேசிய இடத்தில் வேலை கிடைக்கவில்லை. பிரிந்திருந்த இரண்டு சகோதரர்களைச் சந்திக்கவைக்க எடுத்த முயற்சி அவர்களுக்கிடையே கசப்பைக் கூட்டியது. அந்த விஷயத்தில் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. கூட்டத்துக்கு வராமல் நின்ற சகோதரி திரும்பி வந்துவிட்டார். மூத்த அம்மா மூன்று மாத நிபந்தனையைப்பற்றிப் பிறகு பேசவில்லை. பிற்பகல் முறைகளில் ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார்.

மறுபடி செய்வதானால்

நான்கு விஷயங்களையாவது மாற்றவேண்டும் என்று குழுவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலாவது, பட்டியல் போடுமுன் கணவரின் விருப்பத்தைக் கேட்டிருக்கவேண்டும். பேச்சு குழறியவருக்குக் கருத்து இல்லை என்று எல்லோரும் நடந்துகொண்டார்கள். ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்ல அவரால் முதல் நாளே முடிந்திருக்கும். தொலைவில் உள்ள மகளிடமும் தொடக்கத்திலேயே பேசியிருக்கவேண்டும். முன்பின் அறியாத பலர் பெற்றோர் வீட்டுக்கு வந்துபோவதை உறவினர் மூலம் கேள்விப்பட்டு அவர் கலங்கினார். பேசியபின் மருத்துவரோடு தொடர்புகொள்ளும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

இரகசியம் காக்கும் விதியைச் சிக்கலுக்குப்பின் அல்லாமல் முதல் சந்திப்புக்கு முன்பே வகுத்திருக்கவேண்டும். ஜெபக்குழுக்களில் இந்த ஆபத்து மற்ற இடங்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே வதந்திக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரே குரல்தான்.

கடைசியாக, பொறுப்புக்கு முடிவுத் தேதி வைக்காதது பெரிய குறை. நால்வரில் ஒருவர் நோயுற்றார், ஒருவர் வேறிடம் குடிபோனார். மீதி இருவர் அதை யாரிடமும் சொல்லாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் மாறிமாறிச் சுமந்து களைத்துப்போனார்கள். நிறுத்துகிறேன் என்று சொல்வது சகோதரியைக் கைவிடுவதாகும் என்று அவர்கள் பயந்தார்கள். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது, தொடங்கிவைத்த தர்மகாரியத்தை நிறைவேற்றும்படி சொன்னவர், அவரவருக்கு உள்ளவைகளிலிருந்தே என்றும், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி அல்ல என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்கு மட்டும். முடியும்போது காரணம் கேட்காமல் விடுவிக்கப்படுவார்கள், விரும்பினால் மறுபடி பெயர் கொடுக்கலாம். ஞாயிறு முறைக்கு ஆட்களை இக்குழுவுக்கு வெளியேயும் தேடுகிறார்கள். இதை எழுதும்போது வரும் மூன்று மாதத்துக்கான பட்டியலில் இரண்டு ஞாயிறுகளுக்குப் பெயர் ஏறியிருக்கிறது. மற்ற இரண்டுக்கு வாலிபர் கூட்டத்தில் கேட்பதாகச் செயலாளர் தம் பெயரையும் வரும் சனிக்கிழமையையும் எழுதிவைத்திருக்கிறார்.